எந்த மீனிங்குல, தம்பி?

ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தேநீர்க் கடைக்கு ஒருவராவது வாய்த்திருக்கும் ‘மீனிங் அங்கிள்’, 1970இல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறத் தொடங்குமுன் படித்து முடித்தவர். சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருப்பவர். ஓய்வுபெற்ற கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அவருடைய தலைச்சாயமும், கடைக்கு வரும் நாளிதழை முதலில் கைப்பற்றும் பழக்கமும் இங்கே ஆராய்ச்சிக்கு உரியவை அல்ல. ஆராயத்தக்கது, காதில் விழும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் மறித்து விசாரிக்கும் குணம் ஒன்றே.

“அம்மாவை ஃபெரியில சென்ட் பண்ணிட்டு வர்றேன், அங்கிள்” என்று ஒரு பையன் மோட்டார் சாவியை எடுத்தால், “எந்த மீனிங்குல, தம்பி? தபால்லயா?” என்கிறார். வண்டியில் கொண்டுபோய் விடுவதையே மலேசியாவில் ‘சென்ட்’ என்கிறார்கள் என்பது அவர் அறியாததன்று, ஏற்காதது. உடன் வருவதைக் குறிக்கும் ‘ஃபாலோ’வுக்கும் இதே கதி நேர்கிறது: பின்தொடர்தல், கொள்கையைக் கடைப்பிடித்தல், சொன்னது விளங்குதல் என்று அவர் மூன்றாம் பொருளை எட்டுவதற்குள், உடன் போகவேண்டிய கார் போய்விடுகிறது.

‘செட்’ என்ற சொல்லோ அவருக்குக் குலதெய்வம். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு அதற்கு வினைச்சொல்லாக 430 பொருள் தந்திருப்பதை மனப்பாடமாகச் சொல்லும் அவர்முன், சந்திக்கும் நேரத்தை முடிவுசெய்துவிட்ட இளைஞர்கள் “செட்!” என்று சொல்லிக் கைதட்டினால், சூரியன் மறைவதும், ஜெல்லி உறைவதும், டென்னிஸ் ஆட்டத்தின் பகுதியும், நாடக அரங்கும் முறையாக வந்து, பல்செட் வரும்போது அவர் தம்முடையதையே கழற்றிக் காட்டும் ஆபத்தும் நேரிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு 430 பொருளை மறுபேச்சின்றி வழங்கும் இந்தத் தாராளம், பினாங்குக்கு 431ஆவது பொருள் ஒன்றைத் தர மறுக்கிறது. பிந்திய திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினைச்சொல் 645 பொருளோடு ‘செட்’டை முந்திவிட்டது என்று யாரோ சொன்ன நாளில், அவர் ரொட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

பாரத்தில் ‘சாப்’ அடிக்கவேண்டும் என்று எவரேனும் சொன்னால், சாப் என்பது எலும்போடு கூடிய இறைச்சித் துண்டு அல்லது கோடரி வெட்டு என்று அவர் திருத்துகிறார். முத்திரையைக் குறிக்கும் இந்தி ‘சாப்’ வணிகர் வழியே ஆங்கிலத்தில் நுழைந்து, அவர் கும்பிடும் அதே அகராதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஓய்வுபெறும் நாள்வரை அலுவலகத்தில் அவர் அடித்ததும் அதைத்தான். தம் பழைய காரைப் பின்னால் எடுக்கும்போதும், கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தும் ஆங்கிலக் கட்டளையிலிருந்து திரிந்ததாகச் சொல்லப்படும் ‘கோஸ்தான்’ என்ற சொல்லை யாராவது கத்தினால்தான் அவருக்குத் திசை விளங்குகிறது.

ஆயினும் வங்கியிலிருந்தோ காப்புறுதி நிறுவனத்திலிருந்தோ ஆங்கிலக் கடிதம் வந்துவிட்டால், அந்த இளைஞர்களின் தாய்மார்கள் தேடி வருவது அவரைத்தான். இங்கே ‘இன்டரஸ்ட்’ என்றால் ஆர்வமன்று, வட்டி என்றும், ‘மெச்சூர்’ ஆகியிருப்பது பிள்ளையன்று, பாலிசி என்றும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து விளக்கி, பதில் கடிதத்தையும் தாமே எழுதிக் கொடுத்து, ஒரு தே தாரிக்கைக்கூட வாங்கிக்கொள்ள மறுக்கிறார். அக்காமார்களுக்குக் காட்டும் இந்தப் பொறுமையில் காற்பங்கை அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன என்று கேட்க ஆளில்லை. எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் பேசிக் காட்டவேண்டிய பிள்ளைகள், வாய் திறந்து பழகவேண்டிய வயதில், அவர் உட்கார்ந்திருக்கும் கடையில் ‘ஆர்டர்’ என்ற சொல்லைக்கூட உச்சரிப்பதில்லை; கட்டளையா, ஒழுங்கா, வரிசையா என்று அவர் தொடங்கிவிடுவாரோ என்று அஞ்சி, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டியே வாங்கிச் செல்கிறார்கள்.