வானத்துக்கு லைட் அடிக்கிற மாப்ளைக்கு

வா மாப்ளே, வா. தூரத்துல வரும்போதே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. காவாங்கரை டீக்கடையில ஒக்காந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல கையத் தூக்கிக் கண்ண மறைச்சாங்க. ஒரு பெரியவரு, ஜெயில்லேர்ந்து எவனோ தப்பிச்சுட்டான், தேடுறாங்கன்னு எந்திரிச்சே பூட்டாரு. 2006-ல சென்ட்ரலாண்ட இருந்த ஜெயிலு நம்ம புழலுக்கு வந்ததுலேர்ந்து நமக்கு இந்தக் கவலை ஒண்ணு கூடுதல். வெளியூர்ல போயி "நான் புழல்லேர்ந்து வர்றேன்"னு சொன்னா, எத்தினி வருஷம்னு கேக்குறான்.

ஒக்காரு. டீ சொல்லு. எனக்கும் சேத்தே சொல்லு. யோசனை கேக்க வந்தவந்தான் காசு குடுக்கணும்.

இன்னா சொன்ன? ராத்திரியில ரோடு தெரியலியா? இவ்ளோ பெரிய வெளிச்சத்த முன்னாடி கட்டிக்கினு வந்தும் தெரியலியா? அதான் இதவிடப் பெருசா, டப்பாவுல 20,000 லூமென்னு போட்ட எல்.இ.டி. செட்டு ஒண்ணு வாங்கப் போறியா? நல்லா வாங்கு. அந்த டப்பா சொல்றது மட்டும் நெசமா இருந்தா, காமராஜர் துறைமுகத்துக்கு வர்ற கப்பலு வழி மாறி உன் வூட்டு வாசல்ல நங்கூரம் போடும். ஒங்க அத்தை எறங்கி வர்றவனுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுப்பா.

மாமன் சொல்றத கொஞ்சம் கேளு. உன் வேகன்-ஆருக்குக் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது எச்4 பல்பு, 60/55 வாட். டிம்முல ஏறக்குறைய 1000 லூமென், பிரைட்டுல 1650. அவ்ளோதான். அத வெச்சுக்கினுதான் ஊரே ஓடுது. நான் ஜி.என்.டி. ரோட்டுல நெல்லூருக்கு லாரி ஓட்டுன காலத்துல அதுகூடக் கெடையாது. உனக்கு மட்டும் 20,000 தேவப்படுதுன்னா ரோடு மேல கொறை இல்ல கண்ணு.

அந்த எச்4 பல்ப என்னிக்காவது கையில எடுத்துப் பாத்திருக்கியா? பாக்க மாட்ட, விலைதான் பாப்ப. உள்ள ரெண்டு இழை இருக்கும். பிரைட்டுக்கு ஒண்ணு, டிம்முக்கு ஒண்ணு. டிம் இழைக்குக் கீழ சின்னதா ஒரு தகடு. கீழ்ப்பக்கம் போற வெளிச்சத்த அது மறைச்சிடும், மேல்பாதி ரிஃப்ளெக்டருக்கு மட்டும் அனுப்பும். அதனாலதான் சொவத்துல அடிச்சா மேல கோடு கிழிச்ச மாதிரி இருட்டும் கீழ வெளிச்சமுமா நிக்குது. அந்தக் கோடு எடது ஓரத்துல கொஞ்சம் மேல ஏறும். இன்னாத்துக்கு? எடது பக்கம் நடந்து போறவன், கைகாட்டி, மரம் எல்லாம் தெரியறதுக்கு. எதிர்ல வர்றவன் வலது பக்கம் வர்றான், அங்க கோடு ஏறாது, அவன் கண்ணு தப்பிச்சுது. தகட்ட எந்தச் சாய்வுல வெக்கணும், இழை எங்க நிக்கணும்னு மில்லிமீட்டர் கணக்குப் பாத்து ரிஃப்ளெக்டர வளைச்சிருக்கான். அந்த வேலை ஜெர்மனியில மட்டுமில்ல, நம்ம திருவள்ளூர் ஜில்லா புதுச்சத்திரத்துலயும் நடக்குது. லூக்காஸ்-டிவிஎஸ்ஸும் ஜப்பான் கொய்ட்டோவும் சேந்து ஆரம்பிச்ச ஃபேக்டரி.

நீ இன்னா பண்ண? அத்தினி கணக்கையும் கழட்டி எறிஞ்சுட்டு, இழை இருந்த எடத்துல தடிமனா ஒரு எல்.இ.டி. கட்டைய சொருகிட்ட. வெளிச்சம் வர்ற எடம் மாறிப்போச்சு, ரிஃப்ளெக்டருக்கு அது புரியல. டீக்கடைக் கூரை, எதிர் லாரி டிரைவரு மூஞ்சி, வேப்பமரத்து உச்சின்னு எல்லாத்துக்கும் பாரபட்சம் பாக்காம பங்கு போட்டுக் குடுக்குது.

நம்ம ஏரியவே எடுத்துக்கோ. 21.20 அடி ரொம்பி நிக்கிற தண்ணி, பட்டணத்துக்குக் குடிக்கக் குழாயில போனாத்தான் கணக்கு. உபரிய தொறந்து வுட்டா வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம்னு ஓடி எண்ணூர் கடல்ல கலந்துடுது, போற வழியில நாலு வூட்டையும் நனைச்சுட்டு. உன் லைட்டுல இப்ப நடக்குறது அந்த உபரி தொறப்புதான் மாப்ளே. குழாய்க்கு ஒண்ணும் போவல.

இன்னொரு கூத்து இருக்கு. அந்த வெள்ளை வெளிச்சம் பானெட்டுக்கு முன்னாடி பத்தடியில கொட்டுது பாரு, அதப் பாத்து நீ, "ஆகா, பகலு மாதிரி இருக்கு"ன்ற. கிட்டக்க அவ்ளோ பளிச்சுன்னு இருந்தா கண்ணுப்பாப்பா சுருங்கிடும். அப்புறம் தூரத்துல இருக்கறது எப்படித் தெரியும்? போகி அன்னிக்கு விடியக்காலம், டயரும் பாயும் கொளுத்தின பொகையும் பனியும் கலந்து நிக்கும்போது ஓட்டிப் பாரு. மேல சிதறுன வெளிச்சமெல்லாம் அந்தப் பொகையில பட்டு உன் மூஞ்சிக்கே திரும்பி வரும்.

சட்டமும் இருக்குப்பா, சிரிக்காத. 1989-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதியில 106-ன்னு ஒண்ணு. வண்டிக்கு முன்னாடி 8 மீட்டர் தள்ளி, வலது பக்கம் அரை மீட்டர் வெலகி நிக்கிற ஆளுக்கு, தரையிலேர்ந்து ஒண்ணரை மீட்டர் ஒசரத்துல கண்ணு இருந்தா, அந்தக் கண்ணு கூசக் கூடாது. ஒண்ணரை மீட்டர்னா ஏறக்குறைய ஒங்க அத்தை கண்ணு இருக்கிற ஒசரம். அவள வெச்சே சோதனை பண்ணிக்கலாம், ஆனா வெளைவுக்கு மாமன் பொறுப்பில்ல. முன்னெல்லாம் போலீஸ்காரரு பெயிண்ட் டப்பாவோட நின்னு ஹெட்லைட் நடுவுல கறுப்புப் பொட்டு வெச்சு அனுப்புவாரு. இப்ப உன் லைட்ட டப்பாவுக்குள்ளயே முக்கி எடுக்கணும்.

சரி, தெரியலன்றது நெசந்தான். ஆனா பல்பு மேல பழி போடறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி வா. மாமனோட வா.

மொதல்ல இந்தக் கண்ணாடி. இது கண்ணாடியே இல்ல, பாலிகார்பனேட். அந்தக் கால அம்பாசடருக்குத்தான் நெசக் கண்ணாடி. இது வெயில்ல கெடந்து கெடந்து மஞ்சளாயி, மேல மோர் ஊத்துன கணக்கா நிக்குது. உள்ளேர்ந்து வர்ற வெளிச்சத்துல பாதிய இதுவே முழுங்கிடும். பல்புக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றியே, இதுக்கு வாட்டர் பேப்பரு போதும். 800, அப்புறம் 1500, அப்புறம் 2000-ம் நம்பர், தண்ணி விட்டு விட்டுத் தேய்ச்சு, பாலீஷ் போடு. கடைசியில வெயிலு தாங்குற கோட்டிங் ஒண்ணு அடிச்சுடு, இல்லாட்டி கொஞ்ச மாசத்துல திரும்ப மஞ்சளாயிடும். பல்லு வெளக்குற பேஸ்ட்டு போட்டாலும் பளிச்சுன்னு ஆவும்னு எவனாவது சொல்லுவான். ஆவும். ஒரு கண்ணாலத்துக்குப் போயி வர்ற வரைக்கும் தாங்கும்.

உள்ள பாரு, ரிஃப்ளெக்டரு. வெள்ளி மாதிரி மின்னணும். எவனோ முன்ன வெச்சிருந்தவன் 100/90 பல்பு போட்டு ஓட்டியிருந்தா அங்க கருகியிருக்கும், ஹோல்டரும் உருகியிருக்கும். அப்படி இருந்தா பேசறதுக்கு ஒண்ணுமில்ல, முழு லைட்டையே மாத்து. எந்தப் பல்பு போட்டாலும் கருகுன வெள்ளி வெளிச்சத்தத் திருப்பித் தராது.

அப்புறம் ஓட்டற சீட்டுல ஒக்காந்து பாரு. முன் கண்ணாடிக்கு உள்பக்கம் வெரலால ஒரு கோடு போடு. போட்டியா? வெரலு இன்னா கலரு? வெளிய செங்குன்றம் மில்லுத் தவிட்டுத் தூசி, மணலிக் காத்து, எண்ணூர் சாம்பலு. உள்ள நீ ஏசி போட்டு மூடி வெச்ச பெருமூச்சு. அதுமேல எதிர் வண்டி லைட்டு பட்டா கண்ணாடி முழுக்கப் பாலாயிடுது. அதுக்கு மேல கறுப்பு ஃபிலிமு வேற. அதக் கிழிங்கன்னு 2012-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. பகல்ல வெயிலு வரக்கூடாது, ராத்திரியில எல்லாம் தெரியணும். ரெண்டும் வேணும் தொரைக்கு.

டிக்கிய தொற. இன்னா இது? நாலு சிப்பம் அரிசியா? வெள்ளிக்கிழமையிலேர்ந்து எறக்கலியா? நூறு கிலோவ பின்னாடி வெச்சா மூக்கு மேல தூக்காம இன்னா பண்ணும்? ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல 0, 1, 2, 3-ன்னு போட்டு ஒரு சக்கரம் இருக்கே, அது ஃபேன் ஸ்பீடுன்னு நெனச்சுக்கினு இருந்தியா? பாரம் ஏத்துனா அதத் திருப்பி லைட்ட கீழ எறக்கணும். எறக்காம வுட்டதாலதான் பக்கத்து வண்டிக்காரன் உன் பரம்பரைய வாழ்த்திக்கினே போறான்.

அரிசிய எறக்கிட்டு, டயர்ல காத்து சரியா அடிச்சுட்டு, சமமான தரையில சொவத்துலேர்ந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்து. சீட்டுல ஒருத்தன் ஒக்காரட்டும். லைட்டோட நடுவு எவ்ளோ ஒசரமோ அத சொவத்துல சாக்பீஸ்ல குறி. டிம் வெளிச்சத்தோட மேல் கோடு அதுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழ நிக்கணும். சரியான கணக்கு 1 பர்சென்ட்டா, கொஞ்சம் கூடவான்னு பல வண்டியில லைட்டு மேலயே எழுதியிருக்கும். பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவத் திருப்புனா ஏறும், எறங்கும். எலெக்ட்ரீஷியன் ஒருத்தன் பத்து நிமிஷத்துல பண்ணிடுவான். பாதிப் பேருக்கு வியாதி இதோட தீந்துடும். ஆனா இதுல பளிச்சுன்னு மாட்டிக் காட்ட ஒண்ணுமில்ல பாரு, அதான் எவனும் சொல்ல மாட்டான்.

இன்னும் தீரலியா? கரண்டப் பாரு. ஒயரு பழசு, எர்த் துருப்புடிச்சிருக்கு, சுவிட்சு தேஞ்சிருக்கு. பல்புக்கு வந்து சேர்ற வோல்டேஜு 10 பர்சென்ட் கொறைஞ்சா, வெளிச்சமும் 10 பர்சென்ட்தான் கொறையும்னு நெனைக்காத. ஏறக்குறைய 30 பர்சென்ட் பூடும். வண்டி ஓடும்போது ஹோல்டர்லயே மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லு. அடி வாங்கியிருந்தா ரிலே கிட்டு ஒண்ணு போடு. பேட்டரியிலேர்ந்து நேரா கனமான ஒயரு, நடுவுல ஃபியூஸ், சுவிட்சு வேலை ரிலேவத் தொறக்கறது மட்டும். அதே 60/55 பல்பு புதுசு மாதிரி எரியும். ரிலே போட்டாச்சேன்னு ஒடனே 100/90-க்குத் தாவாத. 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் இழுக்குது, 90-க்கு ஏழரை. சூட்டுல ரிஃப்ளெக்டரு போவும், எதிர்ல வர்றவன் மானமும் போவும்.

இத்தினியும் ஆன பொறவு ஜி.பி. ரோட்டுக்குப் போ. கடைக்காரன் ஒன்னப் பாத்ததும் நீல கலர் டப்பாவத்தான் எடுத்து வெப்பான். வாங்காத. ஹாலஜன் பல்பு மேல நீலச் சாயம் பூசுனா வெள்ளையாத் தெரியும். ஆனா அந்தச் சாயம் வெளிச்சத்தத் தின்னுதான் வெள்ளையாவுது. ஒனக்கு வேண்டியது சாயம் போடாத எச்4, 60/55, பேரு தெரிஞ்ச கம்பெனி, டப்பாவுல "இ"ன்னு வட்டத்துக்குள்ள முத்திரை இருக்கா பாரு. கொஞ்சம் காசு கூட இருந்தா '+100', '+130'-ன்னு போட்டதும் வாங்கலாம், வெளிச்சம் தூரம் போறது நெசம். ஆனா அந்த இழை சூடு கூட எரியுது, ஆயுசு கொறைச்சல். ஜி.என்.டி. ரோட்டுப் பள்ளத்துல குதிச்சுக்கினே போறவனுக்கு இன்னும் கொறைச்சல். மாத்துனா ரெண்டையும் மாத்து. ஒண்ணு பூடுச்சுன்னு ஒத்தக் கண்ணோட வராத, எதிர்ல வர்றவன் பைக்குன்னு நெனச்சு உன் மேலயே வந்து ஏறுவான். மாட்டும்போது கண்ணாடியத் தொடாத. போண்டா தின்ன கையோட தொட்டா அந்த எண்ணெ பட்ட எடம் சூடேறி வெடிச்சிடும். தொட்டுட்டியா, ஸ்பிரிட்ல தொடைச்சுடு.

எல்.இ.டி. மேல எனக்குப் பகையொண்ணும் இல்ல. கம்பெனியே எல்.இ.டி.க்குன்னு லைட்டு செஞ்சு குடுத்தா நல்லாத்தான் இருக்கும். பழைய ஹாலஜன் கூட்டுல சொருகுறதுக்கு ஜெர்மனிக்காரனே 2020-லதான் ஒஸ்ராமோட ஒரு எச்7 எல்.இ.டி.க்கு அனுமதி குடுத்தான், அதுவும் சோதிச்சுப் பாத்து, இந்த இந்த வண்டிக்கு மட்டும்னு பேரு எழுதி. உன் டப்பாவுல எழுதியிருக்கிறது "எல்லா வண்டிக்கும்"னு.

கடைசியா ஒண்ணு, கோவிச்சுக்காத. பெருங்களத்தூர்லேர்ந்து புழல் வரைக்கும் 32 கிலோமீட்டர் பைபாஸ்ல நீ எவ்ளோவுல வர்ற? 80-ன்னு சொல்ற, அப்போ 100. 80-ன்னே வெச்சுக்கோ. விநாடிக்கு 22 மீட்டர் போவுது வண்டி. ஓரத்துல டெயில் லைட்டு இல்லாம, தூசி படிஞ்சு நிக்கிற கண்டெய்னர் டிரெய்லரு, டிம்முல 50 மீட்டர்ல தெரிஞ்சாலே பெருசு. பாத்து, புரிஞ்சு, பிரேக்குல கால வெக்க ஒண்ணரை விநாடி. 33 மீட்டர் பூடுச்சு. மீதி 17 மீட்டர்ல நிறுத்துவியா? எந்தக் கடையிலயும் அதுக்கு பல்பு கெடையாது. எதிர்ல வண்டி இல்லாதப்ப பிரைட் போடு, வந்தா டிம் அடி, டிம்முல 60-க்கு மேல போவாத. 1650 லூமென வெச்சுக்கினு பிரைட்டே போடாம ஓட்டறவனும் நம்மூர்ல இருக்கான், அணைக்கவே தெரியாதவனும் இருக்கான். நீ எந்தக் கட்சின்னு நான் சொல்லல.

அப்புறம் கண்ணு. 60 வயசுக்காரன் கண்ணுக்குள்ள போய்ச் சேர்ற வெளிச்சம், 20 வயசுக்காரனுக்குப் போறதுல மூணுல ஒரு பங்குதான். அதுவும் உள்ள சிதறிக்கினு போவுது, அதனால உன் லைட்டு எனக்குத்தான் அதிகமா கூசும். எழும்பூர் கண்ணாஸ்பத்திரி 1819-லேர்ந்து நடக்குது. எனக்குப் பொரை எடுத்தது அங்கதான், இப்ப பஸ்ஸு போர்டு பத்து கடை தள்ளியே படிக்கிறேன். ஒனக்கும் கிட்டப்பார்வை லேசா இருக்கும்னு சந்தேகம். பகல்ல தெரியாது, ராத்திரிதான் காட்டும். போன கண்ணாலத்துல வேற பொண்ணப் பாத்துக் கைய ஆட்டுனியே, அப்பவே நெனச்சேன்.

வாட்டர் பேப்பரு, ரிலே, ரெண்டு பல்பு, கண்ணு டெஸ்ட்டு. எல்லாம் போவ, அந்த எல்.இ.டி. செட்டுக்கு எடுத்து வெச்ச காசுல மிச்சம் நெறயவே நிக்கும். அதுல வெள்ளிக்கிழமை பெட்ரோல் போடு. ஒங்க அத்தை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போவணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கினு இருக்கா, நானும் வர்றேன். மதியமே கெளம்பிடலாம், பொழுது சாயறதுக்குள்ள வூட்டாண்ட எறக்கி வுட்டுடு. ராத்திரியில உன் வண்டியில நான் ஏற மாட்டேன்.