சார் லீவில் இருக்கிறார்

மும்பை குர்லாவில் தமிழ் வாத்தியாரைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு நாக்காவில் போய் நின்றால் போதும். அரை டிரவுசரும் பனியனுமாக ஊரே டீ குடித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒருவர் மட்டும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு நிற்பார். பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. கையில் கட்டிங் சாய் ஆறிக்கொண்டிருக்கும், கண் கடைப்பலகையில் இருக்கும். பலகை மராத்தியில் இருந்தாலும் விடமாட்டார். "மராத்திக்காரங்களுக்கு ‘ள’ இருக்குல்லா தம்பி. இந்தியிலதான் கிடையாது. இருக்கிற எழுத்தை ஒழுங்காப் போட என்ன கேடு?" கடைக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர். "ஹா சார்ஜி" என்று ஒரு பிஸ்கட்டை நீட்டுவார். அத்தோடு அந்த வாரத்து மொழிப்போர் முடிந்தது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று என்பது சென்னையில் பலருக்குத் தெரியாது. அந்த வகுப்புகளில் ஆயுசு பூராவும் சாக்பீஸ் பிடித்தவர்கள் தனி ரகம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்திருப்பார். மகன் படித்து, வாத்தியாராகி, லோன் போட்டு நேரு நகர்ப் பக்கம் வீடு பிடித்திருப்பார். நான் இங்கே சொல்கிற சார் ஒருவரல்ல. எங்கள் பகுதியில் கட்டிடத்துக்கு ஒருவராக இருப்பவர்களை எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் சேர்ந்து கோபித்துக்கொண்டால் சரிதான்.

பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால், "வாசிப்பு, இசை, பயணம், சமூகப் பணி" என்று மூச்சுவிடாமல் சொல்வார். பெண் பார்க்கப் போனபோது ஜாதகத்தோடு கொடுத்தனுப்பிய பயோடேட்டாவில் இருந்த வரி அது. அவர் உண்மையில் கருத்தூன்றிப் படிப்பது கடல் ஏற்றப் பட்டியலைத்தான். மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடும். அதைக் கத்தரித்துப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பார். பெரிய ஏற்றம், பேய்மழை, சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் தண்டவாளத்தில் தண்ணீர். இந்த மூன்றும் கூடினால் லீவு. முந்தின ராத்திரியே மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இருக்காதுன்னு நினைக்கேன்" என்று பொதுவாகச் சொல்வார். மழை இருக்காதா, பள்ளிக்கூடம் இருக்காதா என்று அப்போது கேட்கக் கூடாது.

2005 ஜூலை 26 பற்றி மட்டும் இந்த வகையில் பேசமாட்டார். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, மித்தி நதி குர்லா சந்துகளுக்குள் புகுந்த நாள். வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளை மாடி வகுப்பில் உட்காரவைத்து, கடலைமிட்டாயை ஸ்கேலால் அளந்து பங்கு போட்ட சார்கள் இருக்கிறார்கள். அளவில் யாருக்கும் குறை வைக்கவில்லை என்பதைத்தான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

சங்கீதத்துக்கு வருவோம். சயான் ஒரே ஸ்டேஷன். இறங்கி நடந்தால் சண்முகானந்தா அரங்கம். ஹார்பர் லைனில் ஏறினால் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் இரண்டே ஸ்டேஷன். இவ்வளவு அருகில் இருந்தும் சாருக்குக் கச்சேரி முழுசாக வாய்ப்பதில்லை. கச்சேரியும் ஞாயிறு, தண்டவாள வேலைக்காக ரயில்வேக்காரர்கள் வண்டியை நிறுத்தும் மெகா பிளாக்கும் ஞாயிறு. வர்ணம் முடிகிற நேரத்தில்தான் போய்ச் சேர்வார். சேர்ந்தாலும் உள்ளே நுழையமாட்டார். லேட்டாக வந்த எத்தனையோ பிள்ளைகளை வெளியே நிறுத்திய மனுஷர் அல்லவா? முதல் கீர்த்தனை முடியும்வரை தானே கதவோரம் கைகட்டி நிற்பார்.

உட்கார்ந்துவிட்டால் நோட்டை எடுப்பார். ராகம், தாளம், நேரம் என்று கட்டம். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘கவனக்குறைவு’. பல்லவியில் வித்வான் ஒரு சொல்லை உடைத்துப் பாடிவிட்டால் சிவப்புப் பேனா தன்னால் வெளியே வரும். தாளம் போடுவது தொடையில் அல்ல, முன் இருக்கையின் முதுகில். அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் அது அவர்கள் விதி. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பேச ஆரம்பிப்பார். 1952இல் சண்முகானந்தா சபா ஆரம்பித்தது, 1963இல் அரங்கம் திறந்தது, 1990இல் தீப்பிடித்தது, மறுபடி கட்டியது என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு முழு வரலாறு. மிருதங்கக்காரர் கோர்வையை முடித்து சமத்துக்கு வரும்போது, சாரும் 2,700க்கும் மேல் இருக்கைகள் என்ற புள்ளிவிவரத்தில் வந்து நிற்பார். இருவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கைதட்டல் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் அவர் மார்க் போடாமல் கேட்கிற பாட்டு ஒன்று இருக்கிறது. காலை லோக்கலில் ஜால்ராவும் டோலக்குமாக ஏறும் பஜனி மண்டளி. நெரிசலில் ஒரு கால் தரையில், ஒரு கால் யார் மேலோ. அந்த நிலையில் துக்காராம் அபங்கம் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "மராட்டிய ராஜாக்கள் இதைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தாங்க. நாம வட்டியும் முதலுமா மாட்டுங்காவுல கொண்டாந்து இறக்கிட்டோம்" என்பார். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தில் பாஞ்சோ பார்ட்டி காது கிழிய வாசிக்கும்போதும் அவருக்கு ராகம் தேடும் வியாதி வரும். ஒருமுறை, "இது ‘கவிக்குயில்’ படத்துல பாலமுரளிகிருஷ்ணா பாடின ரீதிகௌளை மாதிரி இருக்கே" என்று கூட்டத்தில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஊர்வலமும் நின்றது. மண்டல் பையன்கள் "காகா, பூடே சலா" என்று தோளைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் பிள்ளையார் நகர்ந்தார்.

லீவுப் பட்டியல் கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமையில் வந்து வீணாய்ப்போன பண்டிகைகளைத் தனியாக எழுதி இரங்கல் தெரிவிப்பார். மற்றபடி அவருடைய லீவு என்பது மே மாதத்து ஊர்ப்பயணம். லோகமான்ய திலக் டெர்மினஸ் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பெயரை அறிவிப்பவரைத் தவிர யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது குர்லா டெர்மினஸ்தான். கோயம்புத்தூர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் வீட்டில் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள். சாருக்கு வேண்டிய சாளுக்கியா எக்ஸ்பிரஸோ தாதரிலிருந்து திருநெல்வேலி போகிறது. "ஸ்டேஷன் பக்கத்துல வீடு வாங்கினேன், வண்டி பக்கத்துல வாங்கலை" என்று பெருமூச்சு விடுவார்.

120 நாள் முன்பதிவு இருந்த காலத்தில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே மே மாத டிக்கெட் கையில் இருக்கும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். பாடத்திட்டத்தை மாற்றியபோதுகூட அவர் இப்படி இடிந்து போனதில்லை. இப்போது அந்த நாள் மார்ச்சில் வருகிறது. முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும். சாருக்கு அப்போது காலை ஷிப்டில் இரண்டாம் பீரியட். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளைகளுக்குத் திடீர்ப் பரீட்சை. கேள்வி ஒன்றே: ‘பயணத்தின் பயன்கள்’ பற்றி ஒரு பக்கம். எட்டடித்து மூன்று நிமிஷத்தில் சாரின் முகத்தைப் பார்த்தே பின் பெஞ்சுக்காரன் சொல்லிவிடுவான்: "வெயிட்டிங் லிஸ்ட்ல."

எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தாலும் லீவு தொடங்காது. அக்கா மகனிடம் பதினாறாம் வாய்ப்பாடு, பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸில் ஒற்றுப்பிழை, பந்தியில் பாயசம் வரவேண்டிய வரிசை என்று ஊருக்கு ஒரு பொது இன்ஸ்பெக்ஷன் நடக்கும். "பம்பாய் சார் வந்தாச்சு" என்றதும் பெரியப்பா மகன் ஃபிளெக்ஸைச் சுருட்டி மச்சில் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ஏங்க, லீவுக்குத்தான வந்திருக்கோம்?" என்று மனைவி கேட்பார். "லீவு பள்ளிக்கூடத்துக்கு, எனக்கு இல்ல" என்பார்.

இது சமூகப் பணியில் கொண்டுவிடுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சாருக்கு மனப்பாடம். ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது. பத்தாண்டுக்கொரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை விலக்கு. "விலக்கு மூணுதான் தம்பி. மூணையும் குர்லாவை நினைச்சே எழுதியிருக்கான்" என்பார்.

மகாராஷ்டிரத்தின் பொது விடுமுறைப் பட்டியலில் பொங்கல் கிடையாது. எனவே 2026 பொங்கல் நாளான ஜனவரி 15 பொது விடுமுறை என்று செய்தி வந்தபோது சார் காலண்டரைத் தொட்டுக் கும்பிட்டார். 2017க்குப் பிறகு நடக்கும் மாநகராட்சித் தேர்தலுக்குத்தான் அந்த விடுமுறை என்பதை அடுத்த வரியில் படித்தார். தேர்தலை நடத்தப்போகிறவர்களில் தானும் ஒருவர் என்பது ஆர்டர் வந்தபோது தெரிந்தது. மற்றவர்கள் போகிக்குப் பழையதைக் கழித்துக்கொண்டிருந்தபோது சார் ஓட்டு எந்திரத்துக்கு நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பூத்தில் வரிசை வரிசையாகவே இருந்தது. இரண்டு கட்சி ஏஜென்டுகள் கிசுகிசுத்ததற்கு ஒருவரை வேறு பெஞ்சுக்கு மாற்றி உட்காரவைத்தார். மதியம் மகன் எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தான். மராத்தி அதிகாரி முந்தைய நாள் சங்கராந்திக்கு வீட்டில் பிடித்த தில்குள்ளை எடுத்தார். எல்லாக் கட்சியும் ஒரே டப்பாவில் கைவைத்தது.

விரலில் அடையாளம் வைப்பது சாரின் வேலை. அந்தத் தேர்தலில் அதற்குக் கொடுத்திருந்தது மார்க்கர் பேனா. கோடு போட வேண்டிய இடத்தில் கை பழக்கத்தில் டிக் போட்டது. ஒருவர், இருவர் அல்ல, ஒரு மணி நேரம் வந்தவர்களுக்கெல்லாம் டிக். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், ஏழாம் கிளாஸ்ல உங்ககிட்டதான் படிச்சேன். இன்னைக்குத்தான் முதல் ரைட்டு." சாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அடுத்தாளு" என்றார்.

இப்போது 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். வீட்டுப் பட்டியல் கேள்விகளில், வீட்டில் முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது என்று ஒன்று வருகிறது. ஆர்டர் வருமுன்னே மாடி மாடியாக ஒத்திகை பார்க்கிறார். எங்கள் வீட்டில் அம்மா "அரிசி" என்றாள். என் மகன் காலையில் பாவ், மத்தியானம் சப்பாத்தி, சாயங்காலம் வடாபாவ் என்று கணக்குச் சொல்லி "கோதுமை" என்றான். இருவரும் சண்டை போட்டார்கள். சார் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஒரு விடைதான்" என்று சோபாவில் உட்கார்ந்தார். இரண்டாவது காபி கலக்க வேண்டியதாயிற்று.