இடது கையும் ஒரு பெட்டியும்

மதுக்கரையில் சிமென்ட் மூட்டை ஏற்றி ஓடும் பிக்கப்புகள் பலவற்றில் டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல் என்ற பேச்சே கிடையாது. கியர் மாற்றும் வேலையை டிரைவரின் இடது கை பார்த்துக்கொள்கிறது. வாளையார் வரை போய்த் திரும்பினாலும் அது சாஃப்ட்வேர் அப்டேட் கேட்காது. டீ கேட்கும், அவ்வளவுதான்.

நாகரிகம் சும்மா விடுமா? 2014-ல் மாருதி செலேரியோ ஏஎம்டி என்ற தானியங்கிக் கியரோடு வந்தது. 2022-ல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸ் பிக்கப்பிலும் ஆட்டோமேட்டிக் கியர் உண்டு. சென்சார்கள் சொல்லும் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் மிதியையும் பார்த்து, எந்தக் கியர் என்று அந்த மாட்யூல் என்ற சின்னப் பெட்டி தீர்மானிக்கும். அதற்குக் குழப்பம் வந்தால் ஒரே கியரில் அடம்பிடித்து வண்டியை நொண்ட வைக்கும். இதற்குப் பெயர் பாதுகாப்பு ஏற்பாடாம். பிறகு மெக்கானிக்கிடம்தான் போய் நிற்க வேண்டும்.

“ஏனுங்ணா, புதுப் பொட்டி மாட்டுனா ஓடிருமுங்களா?”

“மாட்டுனா மட்டும் ஓடாதுங்க தம்பி. லேப்டாப் வெச்சுச் சொல்லிக் குடுக்கோணுமுங்க.”

புது மாப்பிள்ளைக்குச் சொந்தபந்தங்களைக் காட்டுவதுபோல, சேஸிஸ் நம்பரிலிருந்து கிளட்ச் பிடிக்கும் இடம் வரை அதற்கு அறிமுகம் செய்ய வேண்டும். அறிமுகத்துக்குத் தனி பில்.

வேடிக்கை என்னவென்றால், பல நேரம் பெட்டி நிரபராதி. பேட்டரி இளைத்திருக்கும், எர்த் ஒயரில் துரு ஏறியிருக்கும், கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஆனால் துருவைச் சுரண்டியதற்கு எவ்வளவுதான் பில் போட முடியும்?

ஆகவே பிக்கப் வைத்திருப்போரே, பெட்டிக்குப் பணம் கட்டும் முன் எர்த் ஒயரைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.