மதிலோர ரசிகர்

நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் அடுக்குமாடி ஆகாமல் தப்பித்த தனி வீடுகள் இன்னும் சில உண்டு. மதிலுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஆறடி மண் கிடைத்தால் போதும், அந்த வீட்டம்மா அதில் ஒரு காடே வளர்த்துவிடுவார். பாத்தி கிடையாது, வரிசை கிடையாது. கனகாம்பரத்துக்குள் கற்பூரவள்ளி, ரோஜாவின் காலடியில் பிரண்டை, கிரில் கதவில் சங்குப்பூ, மாடிக்கு ஏறப் பார்க்கும் ரங்கூன் மல்லி, பழைய பெயின்ட் வாளியில் டேபிள் ரோஸ். இதே மாதிரி அள்ளித் தெளித்த தோட்டத்துக்கு இங்கிலாந்தில் 'காட்டேஜ் கார்டன்' என்று பெயர் வைத்துப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே புத்தகம் இல்லை. ரசிகர் இருக்கிறார்.

ரசிகரைப் பூத் திருடரோடு சேர்த்துவிடக் கூடாது. பூத் திருடர் விடியுமுன் துரட்டியும் பிளாஸ்டிக் பையுமாக வந்து, சுவாமி பேரைச் சொல்லி நந்தியாவட்டையை மொட்டையடித்துவிட்டுப் போகிறவர். ரசிகர் வருவது ஏழு மணிக்கு மேல், வீட்டம்மா தண்ணீர் ஊற்றும் நேரம் பார்த்து. பூத் திருடர்மேல் அவருக்கு இருக்கும் கோபம் வீட்டுக்காரருக்குக்கூட இருக்காது. "பக்தியாம் பக்தி! செடிக்கு வலிக்காது?" என்பார். அவர் ஒரு பூவைத் தொட்டதில்லை. அவருக்கு வேண்டியது குச்சி.

வந்த கையோடு அதைக் கேட்டுவிடுவாரா? மாட்டார். முதலில் ஒரு பெருமூச்சு. "இந்த வெயில்ல எப்படிம்மா இப்படிப் பூக்குது? எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, போகட்டுமா இருக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு." அடுத்தது வைத்தியம். செம்பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்து, நாடி பிடித்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மாவுப்பூச்சி" என்பார். வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், புளித்த மோர், மீன் அமிலம் என்று மருந்துகள் வரிசையாக வரும். கடைசியில் கவாத்து. "இந்தக் கிளையைக் கழிச்சுவிட்டாத்தான்மா பக்கக் கிளை வெடிக்கும்." அவர் காட்டும் கிளையில் பூச்சியே இருக்காது. விரல்தடிமனில், கணுக்கணுவாக, பதியம் போடுவதற்கென்றே வளர்ந்ததாக இருக்கும். "வெட்டினதைக் குப்பையில போட்டுடாதீங்க, பாவம்."

வீட்டம்மாவின் பயம் பூச்சியைப் பற்றியதல்ல, கண்ணைப் பற்றியது. இவரை உத்தேசித்தேதான் கற்றாழை முள்ளில் முட்டை ஓடு செருகி வைத்திருக்கிறார். ரசிகர் அதையும் ரசிப்பார். "கால்சியம்! நல்லதும்மா."

1927இல் இங்கிலாந்தில், வீடு வீடாகப் போய்ச் சேவை செய்த செவிலியருக்கு நிதி திரட்ட, 609 தோட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங். அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. நம் ரசிகரிடம் இதைச் சொன்னால் ஷில்லிங் அவர் காதில் விழாது. "609 தோட்டமா!" என்பார், அவர் பார்வை தூரத்தில் போய்விடும்.

அவர் சாமர்த்தியத்தின் உச்சம் மணி பிளான்ட். அதைத் திருடி வைத்தால்தான் செல்வம் சேரும் என்பது ஊரறிந்த சாஸ்திரம். எழுதியவர் யாரோ, நிச்சயம் மதிலுக்கு வெளியே நின்றவர். அந்தக் கொடியின் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவு. தோட்டங்களில் அது பூப்பதே அபூர்வம். பூக்கத் தூண்டும் ஹார்மோன் அதற்குப் போதுமான அளவில் சுரப்பதில்லை. பூ இல்லையென்றால் விதை ஏது? ஆகவே உலகத்தில் எந்த வரவேற்பறையில் தொங்கும் மணி பிளான்ட்டும் எவரோ, எவர் வீட்டிலோ ஒடித்த துண்டுதான். மூரியாவில் யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார். அங்கிருந்து பெருமூச்சு பெருமூச்சாகக் கடல் தாண்டி நங்கநல்லூர் வரை வந்திருக்கிறது.

ரசிகர் வீட்டு பால்கனியில் இந்தக் குச்சிகள் என்னாகின்றன என்று துருவுவது நாகரிகமல்ல. அக்கினி நட்சத்திரத்தில் ஒடித்து, சட்டைப் பையில் வைத்து, வழியில் காபி குடித்து, நாலு பேரிடம் பேசிவிட்டுக் கொண்டுபோன குச்சிக்கு என்ன ஆகுமோ அது ஆகும். பிழைத்தது ஒன்றிரண்டு இருந்தால், வருகிறவர்களிடம் "நம்ம வெரைட்டி" என்று காட்டுவார். அதில் யாராவது கை வைக்கப் போனால் மட்டும், "இப்ப ஒடிச்சா வராது சார், ஆடி மழை பெய்யட்டும்" என்பார்.

வீட்டம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. கிளைகளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மணி பிளான்ட் துண்டுகளை வேர்விட வைத்து, கேட்டருகே வரிசையாக அடுக்கினார். ரசிகர் வந்ததும் பெருமூச்சுக்கே இடம் கொடுக்காமல் ஒன்றை நீட்டினார்.

"எடுத்துக்குங்க சார். வேர்கூட விட்டாச்சு."

ரசிகர் ஒரு அடி பின்வாங்கினார். முகம் வாடிப்போயிற்று. பாட்டிலைப் பார்த்தார். மதிலில் படர்ந்திருந்த கொடியைப் பார்த்தார்.

"கையால குடுத்தா வராதும்மா. நீங்க கொஞ்சம் உள்ளே போயிட்டு வாங்களேன்."