மாட்டியவர் முகம் தெரியாத கேமரா

பாலியல் வன்முறைப் புகாரை விசாரிக்கிற போலீஸாரின் சட்டையில் ஆளுக்கொரு பாடி கேமரா மாட்டிவிட்டால் உண்மை தானாக வெளியே வந்துவிடுமாம். வரட்டும். தாம்பரத்துக்கென்று தனிக் கமிஷனரேட் 2022 ஜனவரி 1 அன்று வந்தபோதும் இப்படித்தான் சந்தோஷப்பட்டோம். இனி எதற்கும் வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கு ஓட வேண்டாம், சோழிங்கநல்லூரிலேயே கமிஷனர் இருக்கிறார் என்று. 2025 ஜூனில் தாம்பரத்தில் அரசே நடத்தும் ஓர் இல்லத்தில் ஒரு சிறுமிக்குக் கொடுமை நடந்தது. கைதானவர், அந்த இல்லத்துக்குக் காவல் இருந்தவர். அந்தக் குழந்தையைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டேன். வாய் தவறிவிட்டு சர்வர் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கும் வசதி எனக்கு இல்லை.

சட்டத்தைப் பாருங்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-படி, உங்கள் வீட்டைச் சோதனை போட்டு ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கினால்கூட வீடியோ கட்டாயம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் வாக்குமூலம் கொடுத்தால், விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம், செல்போன் போதும். பெட்டிக்கு இருக்கிற மரியாதை! போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவோ, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. காக்கிச் சட்டையே கூடாது என்ற இடத்தில் கேமராவை எங்கே குத்துவது என்று டெண்டர் விடுகிறவர்கள் யோசித்தால் சரி.

இன்னொரு சங்கதி, கேமரா பார்க்கும் திசை. மார்பில் மாட்டிய கேமராவில், மாட்டியிருப்பவர் தெரியவே மாட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவள்தான் தெரிவாள். அவள் துப்பட்டாவைத் திருகுவது, பதில் சொல்லத் திணறுவது, தண்ணீர் கொடுத்தவரைப் பார்த்து மரியாதைக்கு லேசாகச் சிரிப்பது எல்லாம் துல்லியமாகப் பதிவாகும். “ஏம்மா, அந்த நேரத்துல அங்க உனக்கென்ன வேலை?” என்று கேட்டவரின் முகம் மட்டும் இருக்காது. மூன்று வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சிரிப்பில் படத்தை நிறுத்திவைத்து, “பாதிக்கப்பட்டவர் சிரிக்கிறார், கனம் நீதிபதி அவர்களே” என்பார். ஆன் செய்வதும் ஆஃப் செய்வதும் யார் விரல்? கேட்டவர் விரல்தான்.

பதிவானது தங்குமா? 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிபட்ட இரவின் காட்சியைத் தேடிப் போனார் மாஜிஸ்திரேட் பாரதிதாசன். கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்கில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. படம்தான் இல்லை. அன்றன்றைக்குத் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இவர்கள் கையில் எல்லாமே அழிந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. போலீஸ் அடித்த காட்சி அழியும், பெண்ணின் பெயர் மட்டும் ஊர் முழுக்கப் போகும். 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை எஸ்.பி.யே பேட்டியில் சொன்னார். 25 லட்ச ரூபாய் கொடு என்றது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் பாலியல் புகார் கொடுத்த அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆர், விவரங்களோடு செல்போன் செல்போனாகச் சுற்றியது. சட்டம் மாறியதில் எஃப்ஐஆரைப் பூட்டுவதற்குத் தாமதமாகிவிட்டது, தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். எஃப்ஐஆரை எழுதிய தொனியையே உயர் நீதிமன்றம் கண்டித்தது. மறுபடியும் 25 லட்சம். ஐந்து வருஷத்தில் தக்காளி ஏறிற்று, பெட்ரோல் ஏறிற்று, பெண்ணின் மானத்துக்குச் சர்க்கார் கட்ட வேண்டிய விலை மட்டும் ஒரு பைசா ஏறவில்லை. கசிந்தது எப்படி என்று விசாரிக்கப் போன குழு, பத்திரிகைக்காரர்களின் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டது. திருப்பிக் கொடு என்று கோர்ட்தான் சொன்னது.

இந்தக் கைகளில்தான் பாடி கேமரா பதிவையும் கொடுக்கப் போகிறோம். எஃப்ஐஆரிலாவது எழுத்துதான் இருந்தது. இதில் முகம் இருக்கும், குரல் இருக்கும், அழுகை இருக்கும்.

சரி, புகார் கொடுப்பவள் போலீஸாகவே இருந்தால்? 2021 பிப்ரவரியில் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். தாம்பரத்துக்காரர்கள் திண்டிவனம் போகும்போது ஃபாஸ்டேகில் காசு கழிகிற அதே பரனூர் டோல்கேட்டில், அவர் காரைப் போலீஸ் படை மறித்தது, சாவியைப் பிடுங்கியது. ஐபிஎஸ் அதிகாரிக்கே அந்தக் கதி. மற்றவர்கள் எம்.டி.சி. பஸ்ஸில் போக வேண்டியவர்கள். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. காரை மறித்ததற்காக, அப்போது செங்கல்பட்டு எஸ்.பி.யாக இருந்தவருக்கு 500 ரூபாய் அபராதம்.

ஹெல்மெட் போடாமல் அந்த டோல்கேட் இருக்கும் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய். சென்னையில் பாடி கேமராவை டிராஃபிக் போலீஸுக்கு எதற்கு மாட்டிவிட்டார்கள் என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். எது பெரிய குற்றமோ அதற்குத்தானே கேமரா!