வில்கமுவ வான்போரியல்: வயிறு, கழுத்து, கதிரை குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

1. இடப்பெயர்

மாத்தளை மாவட்டத்தில் வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிக் கிடக்கும் வில்கமுவவுக்கும் வான்போருக்கும் என்ன தொடர்பு? பெயரே சான்று. 'வில்' ஆயுதம், 'கமுவ' ஊர். சிங்களத்தில் 'வில' என்றால் நீர்நிலையல்லவா என்று ஆட்சேபிப்போரை ஆய்வு நாகரிகம் கருதி அடிக்குறிப்புக்கு அனுப்புகிறோம். இக்கட்டுரையில் அடிக்குறிப்பு கிடையாது. மேலும், மகியங்கனைக்கு அருகே மகாவலிக் கரையில் வெரகந்தொட்ட இருக்கிறது. இராவணனின் விமானம் இறங்கிய துறை அதுவென்பது ஐதீகம். விமானம் இருந்தது, இறங்குதுறை இருந்தது. புதியவருக்கான பயிற்சிக் குறிப்புதான் இல்லை. அக்குறையை இங்கே தீர்க்கிறோம்.

2. முன்னோர்

இருந்த இடத்தில் இருந்தே பறக்கும் மெய்நிகர் கலைக்கு இரு மூதாதையர். 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தந்தையின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்து, ஆடி அசையும் விமானப் பயிற்சிப் பெட்டியொன்றைச் செய்தார். ஆக, இத்துறை ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்துகாட்டினார். பாரம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். உறி என்று நாம் அறிந்த தொழில்நுட்பம்.

3. கருவிகள்

மச்சான் வீட்டு ஆய்வுகூடத்தில் இருந்தவை: நல்ல கிராபிக்ஸ் அட்டை போட்ட கணினி, தலையில் மாட்டும் திரையான மெட்டா குவெஸ்ட் ஒன்று, ஜாய்ஸ்டிக், கால்மிதி, பிளாஸ்டிக் கதிரை. கதிரைக்குச் சில்லு கூடாது. கால்மிதியை அழுத்தினால் விமானம் திரும்பாது, கதிரை பின்னால் போகும். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற வான்போர் விளையாட்டு இலவசம். அதனுடன் சு-25டி, டிஎஃப்-51டி மஸ்டாங் என இரு விமானங்களும் இலவசம். மஸ்டாங்கில் துப்பாக்கி இல்லை. முதல் வாரம் அதையே ஓட்டுவது எல்லாருக்கும் பாதுகாப்பு. ஜாய்ஸ்டிக் வாங்க வசதியில்லாதவர் விடிஓஎல் விஆர் விளையாடலாம். குவெஸ்டின் கைப்பிடிகளே போதும். திரையை மாட்டிய பிறகு விசைப்பலகை தெரியாது. ஆகவே வேண்டிய கட்டளைகளை ஜாய்ஸ்டிக்கின் பொத்தான்களிலேயே அமைத்து, இருட்டில் உப்புப் போத்தலை எடுக்கும் அம்மம்மாவைப் போல விரலுக்குப் பழக்க வேண்டும்.

மின்சாரம் தனி இயல். 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். இலங்கை வான்போரில் வானரத் தலையீடு புதிதல்ல.

4. வயிற்றியல்

புதியவரின் முதல் எதிரி அவருடைய வயிறு. மகியங்கனை வீதியின் 18 வளைவுகளில் பஸ்ஸுக்குள் போன் பார்ப்பவருக்குக் குமட்டும்: வளைகிறோம் என்று உட்காது சொல்கிறது, அசையவில்லை என்று கண் சொல்கிறது. மெய்நிகர் விமானத்தில் இதே வழக்கில் சாட்சிகள் இடம் மாறுகின்றன: பறக்கிறோம் என்கிறது கண், கதிரையில் இருக்கிறோம் என்கிறது காது. தீர்ப்பை வயிறு எழுதுகிறது.

அந்த வளைவுகளில் சாரதிக்குக் குமட்டுவது அபூர்வம். அடுத்த திருப்பம் அவருக்கு முன்பே தெரியும். எனவே புதியவர் தானே ஓட்ட வேண்டும். பிறர் ஓட்டியதன் பதிவை உள்ளேயிருந்து பார்க்கக் கூடாது. நொடிக்கு 90 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 11 மில்லிநொடிதான். கணினி திணறினால் முதலில் மேகங்களின் அலங்காரத்தைக் குறையுங்கள். மேகம் அழகாக வரத் தேவையில்லை, நேரத்துக்கு வந்தால் போதும். முகத்துக்கு நேரே மின்விசிறி, பக்கத்தில் இஞ்சி பிளேன்டீ. குமட்டல் எட்டிப் பார்த்ததும் கழற்றிவிட வேண்டும். வீரம் காட்டினால் பாய் கழுவ நேரும்.

5. கழுத்தியல்

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்க ஜப்பானிய விமானங்கள் வந்தன. முன்னெச்சரிக்கை கிடைக்காத ரத்மலானை ஹரிக்கேன் போர்விமானங்கள் மேலெழும்பும்போதே அடிவாங்கின. முதலில் பார்த்தவன் பிழைப்பான் என்பது அன்றிலிருந்து இன்றுவரை மாறாத சூத்திரம். சாதாரணத் திரையில் பின்னால் பார்க்கப் பொத்தானைத் தேட வேண்டும். மெய்நிகரில் கழுத்தைத் திருப்பினால் சரி. ஆனால் புதியவர் திருப்புவதில்லை. வாத்தியாருக்குப் பயந்த பிள்ளை மாதிரி நேரே பார்த்தபடி சாகிறார்.

இங்கேதான் வில்கமுவ உலகுக்கு வழிகாட்டுகிறது. யானைக்குக் காவலாக வயல் பரணில் பல போகம் விழித்திருந்த பக்கத்து வளவு மாமாவுக்கு அந்தத் திரையை மாட்டிவிட்டோம். அவர் எதையும் தொடவில்லை. இடது, வலது, பின், கீழ் என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மல்லி, பின்னால் ஒருத்தன் வாறான்." மச்சான் அந்த விமானத்தை மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தான்.

6. பெறுபேறு

அன்றிரவு நான் பறந்துகொண்டிருந்தபோது ஒரு வெடிச்சத்தம். விமானத்தை இடப்பக்கம் சரித்து, 3,000 அடிக்கு ஏறி, எதிரியைத் தேடினேன். மறுபடி ஒரு வெடி. திரையைக் கழற்றினேன். எனக்குச் சரியாக ஆறு மணித் திசையில், குசினிச் சுவருக்கு அப்பால், எதிரி வாழை தின்றுகொண்டிருந்தது. மாமா மூன்றாவது யானை வெடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வீழ்த்திய விமானம் 0. வீழ்ந்த வாழை 4.

நன்றியுரை: ஆய்வாளரின் பின்பக்கத்தை ஆய்வாளருக்காகப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு.