கீறல் சித்தாந்தம்: பெல்ட் கிரைண்டரில் கத்தி தீட்டுவோர் பொருட்டு ஓர் ஆராய்ச்சி

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பிறர் கொள்கையை மறுத்த பிறகே தன் கொள்கையை நிறுவுவது முறை. கத்தி அலகில் விழும் வேண்டாத கீறலுக்கும் அந்த மரியாதை உண்டு என்பதால், இவ்வாய்வும் அவ்வழியே செல்கிறது.

பரபக்கம். பட்டறை மதங்களுள் தலையாயது திடீர்த்தோற்றவாதம். 400 கிரிட் பெல்ட்டில் அலகு வழுவழுவென்று வரும் நேரத்தில் நட்டநடுவே ஒரு கோடு. “இப்பத்தான் வந்துச்சு, பெல்ட்டு சரியில்ல” என்பார் வாதி. பெரும்பாலும் இது பொருந்தாது. காரியம் காரணத்திலேயே இருக்கிறது என்னும் சற்காரியவாதமே நமக்கு உடன்பாடு. அந்தக் கோடு 60-லேயே இருந்தது. பி60 பெல்ட்டின் துகள் சுமார் 270 மைக்ரான்; பி120-க்கு 125; பி400-க்கு 35. 60 உழுத பள்ளத்தின் அடிமட்டம் வரை 120 தேய்த்து இறக்கியாக வேண்டும். பாதியில் கை சலித்தால் மேடு மட்டும் மழுங்கும், பள்ளம் பதுங்கும். அண்டை அயல் கோடுகள் மெலிந்ததும் அது ராஜாபோல் எழுந்து நிற்கும்.

பரிகாரம் எளிது. கிரிட் மாற்றும்போதெல்லாம் அலகைப் பிடிக்கும் சாய்வையும் மாற்றினால், புதுக்கோடுகள் பழையவற்றுக்குக் குறுக்காக விழும். மிஞ்சிய ஒன்று தானே காட்டிக்கொடுக்கும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே எரியும் குழல்விளக்கின் சாட்சியத்தை எந்த ஆய்வாளரும் ஏற்கலாகாது.

சுபக்கம். சைவர் மலங்களைச் சகசம், ஆகந்துகம் எனப் பிரிப்பர்: கூடப்பிறந்தது, வந்து ஒட்டியது. மேற்சொன்ன கீறல் சகசம். ஆகந்துகத்தின் பிறப்பிடத்தை ஆராயப் புகுந்தால், குற்றவாளி கிரைண்டருக்குப் பக்கத்திலேயே தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறது. சூடேறிய அலகை முக்கும் வாளிதான் அது. அடியில் கருஞ்சேறு, 36 பெல்ட் உதிர்த்த துகள்களெல்லாம் அதில் ஊறிக்கிடக்கின்றன. முக்கி எடுத்த அலகைத் துடைக்காமல் 400-இல் வைத்தால், ஒட்டிவந்த ஒரே ஒரு துகள் பெல்ட்டுக்கும் எஃகுக்கும் நடுவே உருண்டு இழுத்துவிடும். ஆகவே கிரிட் மாறும்போது வாளித்தண்ணீரும் மாறட்டும். அலகு, பெல்ட்டுக்குப் பின்னிருக்கும் தட்டு, கை எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். பெல்ட்டுகளை ஆணியில் மாட்டுவதிலும் வர்ணாசிரமம் தலைகீழாக வேண்டும்: முரடு கீழே, மென்மை மேலே. இல்லையேல் 36-இன் பொடி 400-இன் தலையில் பொழியும்.

புது பெல்ட்டில் துருத்தி நிற்கும் துகள்களைப் பழைய இரும்புத்துண்டில் தேய்த்து அடக்குவதும், பெல்ட்டின் விளிம்பைக் கல்லால் மழுக்குவதும் சில்லறைச் சடங்குகள். பின்னதை மறந்தால் கைப்பிடியருகே வெட்டு விழும்.

மாயாவாதிகளும் உளர். அலகைப் பீங்கான் கற்களோடு சேர்த்து உருளையில் போட்டு உருட்டுவார்கள். எங்கும் கீறல், ஆகவே எதுவும் கீறலன்று. இவர்களையும் பரபக்கத்திலேயே மறுத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு அடுப்படிக் கத்தி இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது. அது திரும்பி வந்ததும் மறுத்துக்கொள்ளலாம்.